பத்துக்குப் பத்து அறைக்கு நாலு லிட்டர் போதாது

பெயின்ட் கடையில் போய், "பத்துக்குப் பத்து ரூம், நாங்களே அடிக்கப்போறோம், எவ்வளவு வேணும்?" என்று கேட்டால், "நாலு லிட்டர் டின் ஒண்ணு எடுத்துக்கோங்க, தாராளமாப் போதும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். போதாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உயரமும் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 400 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் மிச்சம் 363. குறைந்த விலை எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், ஒரு லிட்டர் இருந்தால், பட்டி தடவித் தேய்த்த வழவழப்பான சுவரில், இரண்டு கோட்டுக்குச் சுமார் 80 சதுர அடி வரும். ஆக நாலரை லிட்டர். சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் ஐந்தும் ஆகும். மேல்தளம், அதாவது அறைக்குள் அண்ணாந்தால் தெரியும் கூரை, தனிக்கணக்கு, அதற்கு வெள்ளை ஒன்றேகால் லிட்டர்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கடையில் மெஷினில் கலர் கலந்து தரும் டின்னில் நாலு லிட்டர் முழுதாக இருக்காது. கலருக்கு இடம் விட்டு, 3.6 லிட்டர் பேஸ், அதாவது கலர் சேர்க்காத பெயின்ட்தான் நிரப்பி வரும். வெளிர் நிறம் கேட்டால் அதில் விழும் கலர் சில மில்லி லிட்டர்தான். கடைசிச் சுவரின் பாதியில் டின் காலியாவது இப்படித்தான். மறுபடி ஓடிப்போய் வாங்கி வரும் டின் வேறு பேட்ச்சாக இருந்தால் நிறம் துளி மாறும், அந்தத் துளி சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். அதனால் நாலு லிட்டரும் ஒரு லிட்டரும் ஒரே நாளில் வாங்கி, அடிக்கும் முன் இரண்டையும் பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிட வேண்டும்.

இந்த மதிப்பீடு அந்தக் குறைந்த விலை எமல்ஷனைப் பற்றியது. ஏஷியன் பெயின்ட்ஸின் டிராக்டர் எமல்ஷன், பெர்ஜரின் பைசன், நெரோலாக்கின் பியூட்டி என்று கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் ரகம். விலை ஊருக்கும் கடைக்கும் ஏற்ப மாறும் என்றாலும், அதே கம்பெனிகளின் ராயல், சில்க் போன்ற உயர் ரகங்களின் விலையில் பாதி அளவுக்குள்தான் இருக்கும். படுக்கையறை, பூஜையறை, ஹாலின் மேல்பாதி, மேல்தளம் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். நாமே அடிப்பவர்களுக்கு இதுதான் ஏற்றதும்கூட. பளபளப்பு இல்லாததால் ரோலர் தடமும் சுவரின் மேடுபள்ளமும் கண்ணில் உறுத்தாது. பளபளக்கும் உயர் ரகத்தைப் பழகாத கையால் அடித்தால் ஒவ்வொரு தவறும் ஜன்னல் வெளிச்சத்தில் துல்லியமாகத் தெரியும்.

சமையலறைக்கும், குழந்தைகள் கை வைக்கும் இடுப்பளவு சுவருக்கும் இது வேண்டாம். காரணம் டின்னுக்குள் இருக்கிறது. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் பசை, வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, இடத்தை நிரப்பச் சுண்ணாம்புக்கல் தூள், களிமண் தூள் ஆகியவற்றின் கலவை. விலை குறையக் குறைய பசை குறையும், தூள் கூடும். பசை குறைந்த படலத்தில் எண்ணெய்க் கறை ஊறிவிடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் கறை போகும் முன் அந்த இடம் மட்டும் மினுமினுப்பாகித் தனித் திட்டாக நிற்கும். அடுப்படிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் உயர் ரகத்தில் ஒரு லிட்டர் வாங்கினால் போதும். முழு வீட்டுக்கும் அது தேவையில்லை.

வாங்கும்போது பெயரை மட்டும் சொல்லிக் கேட்கக் கூடாது. டிராக்டர் என்ற ஒரே பெயரில், தூள் மிகுந்த மலிவுப் பூச்சான டிஸ்டெம்பரும் வருகிறது, எமல்ஷனும் வருகிறது. எளிய அடையாளம்: கிலோவில் விற்றால் டிஸ்டெம்பர், லிட்டரில் விற்றால் எமல்ஷன். டிஸ்டெம்பர் இன்னும் மலிவு. ஆனால் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டும், இரண்டு மூன்று வருடத்தில் மாவாக உதிரும், அடுத்த முறை எமல்ஷன் அடிக்க வேண்டுமென்றால் அத்தனையையும் சுரண்டி எடுக்க வேண்டும். அன்றைக்கு மிச்சம் பிடித்த காசு அந்தச் சுரண்டலில் போய்விடும். வாடகை வீட்டில் காலி செய்யும் முன் ஒப்புக்கு அடித்துக் கொடுக்க மட்டுமே அது லாயக்கு.

நிறத்தைத் தேர்வதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. வெளிர் நிறங்கள் இரண்டு கோட்டில் மூடிவிடும். ஆழ்ந்த சிவப்பு, பளிச் மஞ்சள் போன்றவை நிறமில்லாத பேஸில் கலக்கப்படுபவை. மூன்று நான்கு கோட் அடித்தாலும் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். கலருக்கு மில்லிக் கணக்கில் காசு கூடும். ஒரு சுவரை மட்டும் எடுப்பாகக் காட்ட ஆசைப்பட்டால், மங்கிய பச்சையோ, செம்மண் நிறமோ, சாம்பல் கலந்த நீலமோ எடுங்கள். அவற்றில் வெண்மைப் பொருள் கலந்திருப்பதால் மூடும் திறன் நன்றாக இருக்கும். வெள்ளை டின் வாங்கி வந்து ஸ்டெய்னர் என்னும் கலர் திரவத்தை ஊற்றி வீட்டில் கலக்குவது சிக்கனம் போலத் தோன்றும். ஒரு முழு அறைக்கு அது ஒத்துவராது. இரண்டாம் வாளியில் அதே நிறம் வரவே வராது.

சுவருக்கு என்ன ஆகியிருக்கிறது

எமல்ஷன் உரிந்து வந்தால் எல்லாரும் பெயின்ட்டைத்தான் குறை சொல்வார்கள். உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ அடியில் இருந்திருக்கிறது. பெயின்ட் மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மாவோ சுவரைப் பிடிக்கவில்லை. விலை உயர்ந்த பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பெரிய தாளாக உரிந்திருக்கும், ஏனென்றால் அதன் படலம் இன்னும் உறுதியானது. ஆகவே கையில் 500 ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை உயர் ரக டின்னில் போடாமல், பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரிலும் உப்புத்தாளிலும் ஒரு நாள் கூடுதல் உழைப்பிலும் போடுவதே புத்திசாலித்தனம்.

மூன்று சோதனைகளுக்குச் செலவே இல்லை. உள்ளங்கையை நனைத்துச் சுவரில் தேயுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அடுத்து, நல்ல செலோடேப் ஒரு சாண் நீளம் அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் அதோடு வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது.

ஓதம் உள்ள சுவருக்கு இந்த எமல்ஷன் மட்டுமல்ல, எந்த எமல்ஷனும் சரிவராது. வெளியேற வழியில்லாத ஈரம் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். கூடவே சிமென்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே பூக்க வைக்கும். உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் குளியலறையா, மாடியில் தளக்கல் இணைப்பு விட்டிருக்கிறதா, வெளிச்சுவரில் விரிசலா. அதைச் சரிசெய்யாமல் உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்குப் பழைய கதைதான்.

இங்கே காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது மிகப் பொருத்தமான வழக்கம்தான். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது, சுவர் அதன் வழியே மூச்சுவிட்டுக் காய்ந்துகொள்ளும். எமல்ஷன் அப்படியில்லை, சுவர்மேல் படலமாக உட்காரும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஓய்ந்து, மார்கழியில் நாம் டின் வாங்கும்போது சுவரின் உள்ளே இன்னும் ஈரம் காய்ந்திருக்காது. மேலே தொட்டால் உலர்ந்ததுபோல்தான் இருக்கும். பொங்கலுக்கு அடித்த பெயின்ட் சித்திரையில் கொப்புளம் போடுவதற்கு இதுவே பெரிய காரணம். பண்டிகைக்கு வீட்டைக் கூட்டித் துடைத்து, ஒட்டடை அடித்து, வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசிவிட்டு, எமல்ஷன் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். பழைய செங்கல் வீட்டில் ஓதம் தீரவே வழியில்லை என்றால் சுண்ணாம்பிலேயே இருந்துவிடுவது நல்லது. அது தோல்வி இல்லை, அந்தச் சுவருக்கு அதுதான் சரியான பூச்சு.

கறுப்புப் பூஞ்சை படிந்த மூலைகளுக்கு, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை எடுத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கதவு, ஜன்னல் சட்டங்களில் பழைய எனாமல் (எண்ணெய் பெயின்ட்) இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீரில் நனைக்கும் வகை உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, சேற்றை உடனே துணியில் துடைத்தெடுங்கள். சின்னக் குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

பட்டியில் நடக்கும் தவறு

கடையில் பட்டி என்று கேட்டால் நீட்டுவது பெரும்பாலும் வெள்ளை சிமென்ட் பட்டிதான். பிர்லா ஒயிட், ஜே.கே. என்று மூட்டையாகவும் கிலோ பாக்கெட்டாகவும் கிடைக்கும். அருமையான பொருள், ஆனால் பெயின்ட் அடிக்காத, தண்ணீரை உறிஞ்சும் பூச்சுச் சுவருக்கானது. சுவரை நனைத்துவிட்டு அதன்மேல் இழுத்தால் சுவரோடு ஒன்றிவிடும். ஏற்கெனவே எமல்ஷன் உள்ள சுவரில் இதைத் தடவினால் பிடிக்க இடமில்லாமல் சில மாதத்தில் ஓடாகப் பெயரும். பழைய பெயின்ட்டின் மேல் ஆங்காங்கே அடைக்க வேண்டுமென்றால் டப்பாவில் குழைவாக வரும் அக்ரிலிக் பட்டியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஓர் அறையின் ஆணி ஓட்டைக்கும் சிராய்ப்புக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் தேவைப்படாது. ஈரம் படும் குளியலறை ஓரத்துக்கும் வெளிச்சுவருக்கும் மட்டும் அது ஆகாது.

சில கம்பெனி மூட்டைகளிலும் வாளிகளிலும் பெயின்டர் காசாக்கிக்கொள்ளும் டோக்கன் இருக்கும். கடைக்காரரோ பெயின்டரோ ஒரு குறிப்பிட்ட பெயரை அழுத்திச் சொன்னால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் சுவருக்கு எது தேவையோ அதைக் கேளுங்கள்.

சிமென்ட் பட்டி கலக்கும்போது கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். கட்டி இல்லாமல் பிசைந்து, பத்து நிமிடம் வைத்திருந்து, மறுபடி ஒரு கிளறு. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கக்கூடிய அளவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினால் அது காய்ந்ததும் மாவாகிவிடும். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் சிமென்ட்டும் மணலும் கலந்த பூச்சால் நிரப்பிக் காயவிட்டு, மேலே மட்டும் பட்டி. விரிசலை அப்படியே மூடாதீர்கள். பட்டித்தகட்டின் முனையால் ஆங்கில வி எழுத்துபோல வாயை அகட்டி, தூசியைத் தட்டி, நனைத்து, கிராக் ஃபில்லர் வைத்து அழுத்துங்கள். மேலாகத் தடவிய பட்டி அடுத்த வெயிலிலேயே அதே கோட்டில் பிளக்கும்.

காய்ந்த பின் 180 எண் உப்புத்தாளில் ஒரு முறை, 320இல் ஒரு முறை. தாளைக் கையில் மடித்துப் பிடித்தால் விரல் தடம் பள்ளமாக விழும், ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும், பெயின்ட் அடித்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது. தேய்த்த மாவை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு லேசான ஈரத்துணி. இந்த மாவு மிச்சமிருந்தால் மேலே சொன்ன சுண்ணாம்புக் கதைதான் திரும்ப நடக்கும்.

பிரைமரை விட்டுவிட்டு அதற்குப் பதில் எமல்ஷனையே மூன்று கோட் அடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பட்டி வைத்த இடம் பெயின்ட்டை உறிஞ்சும், பழைய பெயின்ட் உள்ள இடம் உறிஞ்சாது. மூன்றாவது கோட்டிலும் திட்டுத்திட்டாகவே நிற்கும். தண்ணீரில் கலக்கும் பிரைமர் எமல்ஷனைவிட மலிவு, பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு ஒன்று வரை தண்ணீர் சேர்க்கலாம், சரியான அளவு டப்பாவிலேயே இருக்கும். சுவர் முழுக்கச் சுரண்டியிருந்தால் முழுதும் அடியுங்கள். நல்ல எமல்ஷன் சுவரில் அங்கங்கே அடைத்திருந்தால் பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் போதும், ஒரு லிட்டரில் முடிந்துவிடும்.

ரோலர் கையில் வந்த பிறகு

கருவிகளில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ஏணி. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம். ரோலரும் பிரஷ்ஷும் நல்லதாக இருக்க வேண்டும். 9 அங்குல ரோலர், ஓரங்களுக்கு 2 அங்குல பிரஷ், ஒரு தட்டு, ஒரு அங்குல மாஸ்கிங் டேப் இரண்டு சுருள். மலிவான ரோலர் முதல் அரை மணி நேரம் பஞ்சைச் சுவரில் ஒட்டிக்கொண்டே வரும். எந்த ரோலராக இருந்தாலும் புதிதை ஒருமுறை கழுவிக் காயவைத்து, செலோடேப்பைச் சுற்றி உரித்தெடுத்தால் தளர்ந்த பஞ்சு போய்விடும்.

ஸ்விட்ச் போர்டைச் சுற்றி டேப் ஒட்டிச் சிரமப்படுவதைவிட, மெயினை அணைத்துவிட்டு மேல்தட்டின் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பின்னால் அடிப்பது சுத்தமாக வரும். மெயினை அணைக்காமல் கைவைக்கவே கூடாது. சிவப்பு ஆக்சைடு தரை உள்ள வீட்டில் செய்தித்தாள் போதாது, சொட்டு ஊறிவிடும். பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பழைய வேட்டியோ போர்வையோ போடுங்கள். துணி சொட்டை உறிஞ்சிக்கொள்ளும், வழுக்கவும் செய்யாது.

தண்ணீர் கலப்பதில்தான் கை கட்டுப்பட வேண்டும். எமல்ஷனுக்கு லிட்டருக்கு 400 மில்லி அளவில், டின்னில் எழுதியிருப்பதைத் தாண்டாமல், அளவுக் குவளையால் ஊற்றுங்கள். கண் மதிப்பில் ஊற்றினால் ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு பதத்தில் வரும். பெயின்ட் போதாமல் போகிறதே என்று கடைசியில் தண்ணீரைக் கூட்டி இழுத்த சுவர்தான் ஒரு வருடத்தில் மாவு உதிரும். நாலு லிட்டர் போதும் என்ற பேச்சு நிலைத்திருப்பதற்கும் இந்தத் தண்ணீரே காரணம்.

மேல்தளம் முதலில், பிறகு சுவர், கதவு கடைசியில். பிரஷ்ஷால் ஓரம் கட்டும்போது நான்கு சுவருக்கும் ஓரம் கட்டி முடித்துவிட்டு ரோலரை எடுத்தால், அறை முழுக்க போட்டோ சட்டம் போட்டதுபோல ஓரம் மட்டும் அடர்த்தியாகத் தெரியும். ஒரு சுவருக்கு ஓரம் கட்டி, அது ஈரமாக இருக்கும்போதே அதே சுவரை ரோலரால் முடித்து, ரோலரை ஓரத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கி உருட்டுங்கள். மூன்றடிக்கு மூன்றடியாகப் பிரித்துக்கொண்டு, குறுக்கும் மறுக்குமாகப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழாக ஒரே திசையில் அழுத்தாமல் இழுத்துவிடுங்கள். காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி ரோலர் போனால் கோடு விழும். அதனால் ஃபேனை அணைத்துவைக்க வேண்டும், ஒரு சுவரின் நடுவில் சாப்பிடப் போகக் கூடாது. சித்திரை வெயிலில் மேற்குச் சுவரை மதியத்தில் தொடாதீர்கள், காலையிலேயே முடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கோட்டுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி. அந்த இரண்டாவது கோட் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே டேப்பைச் சாய்வாக மெதுவாக உரித்துவிடுங்கள். மறுநாள் உரித்தால் பெயின்ட் படலமும் பல்பல்லாகச் சேர்ந்து வரும்.

இரண்டு பேர் சேர்ந்தால் ஓர் அறைக்கு நாலு நாள். முதல் நாள் சுரண்டல், இரண்டாம் நாள் பட்டி, மூன்றாம் நாள் தேய்த்துப் பிரைமர், நான்காம் நாள் காலையும் மாலையுமாக எமல்ஷன். நான்கில் மூன்று நாள் பெயின்ட் டின்னின் மூடியே திறக்கப்படாது என்பதைப் பார்த்துப் பொறுமை இழக்காதீர்கள்.

இத்தனை வேலை எதற்கு, ஒட்டும் செங்கல் டிசைன் ஷீட் வாங்கி ஒரே மணி நேரத்தில் சுவரை மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் கிடைக்கும் அந்த ஃபோம் ஷீட் பெரும்பாலும் 70 செ.மீ.க்கு 77 செ.மீ., அதாவது ஆறு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. பத்துக்குப் பத்து சுவர் ஒன்றுக்கே வெட்டுக் கழிவு சேர்த்து 20 ஷீட் பிடிக்கும். நான்கு சுவருக்கு எமல்ஷன் வாங்கும் காசு ஒரு சுவரிலேயே போய்விடும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் பசை நிற்காது. ஓதச் சுவரில் ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிப்பது வெளியே தெரியாது. வாடகை வீட்டில் உரிக்கும்போது பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து பெயரும், அட்வான்ஸில் கழிப்பார்கள். நுரைப் பொருள் என்பதால் அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் ஒட்டவே கூடாது. உறுதியான எமல்ஷன் சுவரில், டிவிக்குப் பின்னால் நாலைந்து ஷீட் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும்.

மிச்சமான எமல்ஷனை, தண்ணீர் கலக்காததை மட்டும், சின்ன கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, நிற எண்ணையும் பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னாளில் ஆணி பிடுங்கிய இடத்தைத் தொட்டு அடைக்க நேர்ந்தால், அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சுவருக்கு அடித்தபோது கலந்த அதே அளவு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷை விட்டுவிட்டுச் சின்ன ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பிரஷ்ஷால் தடவினால் அந்த இடம் மட்டும் தனி நிறமாகத் தெரியும்.